கோபம் தின்ற பாசி

கஜலட்சுமி கோபப்படுவதை நிறுத்திவிட்டார் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் காய்கறி வண்டிக்காரர். கட்டிய கணவர் தணிகாசலத்துக்கு அது உறைக்க மேலும் சில நாட்கள் பிடித்தன. உறைத்த பிறகு அவர் அடைந்த ஆனந்தத்தைச் சொல்லி மாளாது.

கஜலட்சுமியின் கோபம் லேசுப்பட்ட கோபம் இல்லை. தொலைபேசி அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஊரார் புலம்பலையெல்லாம் பல வருஷம் பொறுமையாகக் கேட்டவர். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டுக்கு வந்த மறுநாளே, இனி நம் முறை என்று ஆரம்பித்துவிட்டார். மேடவாக்கத்தில் உள்ளே தள்ளி, கடலுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் நிற்கிற ‘ஆழ்கடல் அவென்யூ’ அடுக்குமாடியில் தெருவிளக்கு எரிவதும், குப்பை வண்டி வருவதும், சாக்கடைக்கு மூடி இருப்பதும் அவருடைய தொண்டையின் தயவு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்பக்கக் கிணறு. சென்னையே குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய வறட்சி வருஷத்தில், வரைபடத்தில் மட்டும் பூங்காவாக இருந்த பின்பக்கக் காலிமனையில் தூர்ந்து கிடந்த அந்தக் கிணற்றை, பில்டரையே தூர்வார வைத்தார். அதற்காக பில்டர் ஆபீஸ் வாசலில் வீட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே நுழைகிற ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் பேச்சுக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் தண்ணீர் லாரி நுழைந்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த தணிகாசலமோ, ‘எதுக்கு வம்பு’ என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டே ஐம்பத்தாறு வயதுவரை ஓட்டிவிட்ட மனுஷர். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. வீட்டில் கஜாவின் குரல் ஏறத் தொடங்கினால் மெல்ல எழுந்து, கூடத்து மூலையில் இருக்கும் கடல்மீன் தொட்டிக்குப் போய், உப்பு அளவு பார்க்கிற சாக்கில் குனிந்துகொள்வார். மனைவிக்குக் கோபம் அதிகம் என்பதால் தொட்டிக்குப் பராமரிப்பும் அதிகம். கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்களே வந்து பார்த்துவிட்டு, “இவ்ளோ சுத்தமா எப்படி சார் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். உண்மையான காரணத்தை அவர் சொல்லவில்லை.

ஆகவே, பில்டர் தன் செலவில் அடுக்குமாடியின் கீழ்த்தள வரவேற்பறையில் ஆளுயரக் கடல்மீன் தொட்டி ஒன்றை வைத்துக் கொடுத்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இயல்பாகவே தணிகாசலத்தின் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது தவறு. அவர் தலையைக் கொண்டுபோய் அதன் கீழே வைத்தார்.

தொட்டியை நிறுவ வந்தவள் நிலோஃபர் என்ற கடல் உயிரியல்காரி. முப்பது வயதுகூட இருக்காது. முழங்கைவரை ஈரமாக நின்றுகொண்டு, தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள்.

“மேல இருக்கறது ஷோவுக்கு அங்கிள். நிஜ வேலை இங்க நடக்குது.”

உள்ளே இன்னொரு சிறிய தொட்டி. அதில் கொத்துமல்லிக் கட்டை ஊறப்போட்டதுபோல் அடர்ந்த பச்சைப் பாசி.

“ரெஃப்யூஜியம்தானே?” என்றார் தணிகாசலம், அந்த வார்த்தையைச் சொல்ல ஒருவழியாக ஓர் ஆள் கிடைத்த பூரிப்பில். “மேல மீனுங்க பண்ற அசிங்கமெல்லாம் தண்ணியில கரைஞ்சு இங்க வரும். பாசி அதைத் தின்னு வளரும். வாராவாரம் கத்தரிச்சு வெளிய எடுத்துடணும். எடுத்தாத்தான் அழுக்கு வெளிய போனதா அர்த்தம். மேல விளக்கு அணையற நேரத்துல இங்க எரியணும்.”

“பரவாயில்லையே! விளக்கு ரொம்ப நேரம் அணைஞ்சு போனா?”

“இந்தச் சாதிப் பாசிக்கு அது ஆகாதும்மா. ஒரேயடியா வெளுத்துப் போயி, தின்னதையெல்லாம் தண்ணியிலயே கக்கிட்டுச் செத்துடும். நான் ஊருக்குப் போனாக்கூட விளக்கை அணைக்கறதில்லை.”

நிலோஃபர் நிம்மதியாகச் சிரித்தாள். “அந்த ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. இது கொஞ்சம் ஸ்பெஷல் பாசி. காத்துல இருக்கற வாசனையைக்கூட எடுத்துடும்னு வெச்சுக்கோங்களேன்.”

பக்கத்தில் ஸ்கிம்மர் என்ற கருவி கொரகொரவென்று ஓடத் தொடங்கியது. அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் பொடிக் குமிழிகளாக விட்டு, அழுக்கை நுரையாகத் திரட்டித் தள்ளும் கருவி அது. பசுமைக் கட்டடம் என்று பில்டர் பெருமை பேசிக்கொண்டதால், எல்லா வீட்டுக் காற்றுக்குழாய்களும் அந்த வரவேற்பறையைச் சுற்றித்தான் போய் வந்தன. நல்ல வாசனையாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்ததோடு தணிகாசலம் விட்டுவிட்டார்.

தொட்டி வந்து பதினைந்து நாள் இருக்கும், லிஃப்ட் நின்றது. வழக்கம்போல் கஜலட்சுமி கீழே இறங்கி வந்து லிஃப்ட் கம்பெனி ஆளைப் பிடித்துக்கொண்டார். “பராமரிப்புன்னு வாங்கறீங்களே, எதைப் பராமரிக்கறீங்க? நாலாவது மாடியில முழங்கால் ஆபரேஷன் பண்ணின அம்மா இருக்காங்க, அவங்களை நீ தூக்கிட்டுப் போறியா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சுற்றி நின்றவர்கள், யாரோ நலங்குப் பாட்டுப் பாடுவதைக் கேட்பதுபோல் புன்னகையோடு நின்றார்கள். முழங்கால் ஆபரேஷன் அம்மாவின் மகனே, “விடுங்க ஆன்ட்டி, இன்னிக்கில்லைன்னா நாளைக்கு” என்றான். கையில் கத்தரிக்கோலும் ஒரு பிடி பாசியுமாகத் தணிகாசலமும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். கஜலட்சுமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுப் படியேறிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் கத்தவே இல்லை.

தணிகாசலத்துக்கு இரண்டாவது தேனிலவு தொடங்கியது. சொல்லப்போனால் முதல் தேனிலவே அதுதான். முன்னது கொடைக்கானலில், வெந்நீர் வராத ஹோட்டல் மேனேஜரோடு கழிந்திருந்தது. இப்போது அவர் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டால், அது கட்டில்மேலேயே கிடந்தது. காய்கறிக்காரர் அழுகல் தக்காளியை நடுவில் வைத்துக் கட்டினார். கஜலட்சுமி வாங்கிக்கொண்டு வந்தார். போன வருஷக் காய்ச்சலில் அவருக்கு மூக்கு மரத்துப்போனதிலிருந்து பால் அடிப்பிடித்தால் தணிகாசலம்தான் கூடத்திலிருந்து குரல் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம், “அங்கேருந்து சொல்லாம வந்து அணைச்சாத்தான் என்னவாம்?” என்று பதில் வரும். இப்போது ஒன்றும் வராது, அடுப்பு மட்டும் அணையும். ஆகா, என்ன நிம்மதி என்று அவர் உப்பு அளவு பார்க்கப் போவார். ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாததால் தொட்டியின் முன் நிற்பதில் பழைய சுவாரசியம் இல்லை என்பதும் அவருக்கு மெல்லத் தெரிந்தது.

அப்படியே சில மாதங்கள் ஓடிய பிறகுதான் விக்ராந்த் வந்தான். பில்டரின் ஆள், பற்பசை விளம்பரத்துக்கு நிற்க வேண்டியவன், வழி தவறி இந்த வேலைக்கு வந்துவிட்டான். பின்பக்கக் காலிமனையில் இன்னொரு அடுக்குமாடி எழும்பப் போகிறது, கிணற்றை மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் வரும், குடியிருப்போர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்கிச் சம்மதித்தால் போதும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனான். எல்லோரும் அவனுக்குக் காபி கொடுத்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டுத் தணிகாசலம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இதற்காவது வெடிப்பார் என்று எதிர்பார்த்தார். சித்திரை வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தூர்வாருகிறவர்கள் தலைமேல் நின்று முதல் வாளித் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தவர் அவர்.

“மூடிக்கட்டும்,” என்றார் கஜலட்சுமி, கீரையை ஆய்ந்துகொண்டே.

மனைவி கத்தினால் பயப்பட்டு வாழ்ந்த மனுஷர், மனைவி கத்தாததற்காக முதல்முறையாகப் பயந்தார். இது அவர் கட்டிக்கொண்ட கஜா இல்லை.

அடுத்த நாள் காலை வரவேற்பறைப் பாசியைக் கத்தரித்து, வழக்கமாகப் போடும் குப்பைத் தொட்டி நிரம்பியிருந்ததால், காம்பவுண்டு ஓரம் கொட்டினார். அங்கே பிஸ்கட், கறுப்பன் என்று இரண்டு தெருநாய்கள் ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துத் தூங்குவது வழக்கம். இரண்டும் எழுந்து வந்து பாசியை முகர்ந்தன. மறுகணம் ஒன்றின் காது மற்றதன் வாயில் இருந்தது. வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயைத் திருப்பிப் பீய்ச்சித்தான் பிரிக்க முடிந்தது. நனைந்த வேட்டியோடு நின்ற தணிகாசலத்துக்கு, வாசனையைக்கூட எடுத்துவிடும் என்று நிலோஃபர் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது. போனை எடுத்தார்.

“அந்தப் பாசி எந்த வாசனையைம்மா எடுக்குது?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, தன் குழந்தை ரேங்க் வாங்கியதைச் சொல்கிற குரலில் சொன்னாள். “கோபத்தை அங்கிள். ஒருத்தர் கோபப்பட்டா மூச்சுலயும் வேர்வையிலயும் ஒரு சமாச்சாரம் காத்துல கலக்கும். வாசனைன்னு நமக்குத் தெரியாது. ஆனா மூக்கு கண்டுபிடிச்சுடும். பக்கத்துல இருக்கறவருக்கும் சுர்ருன்னு ஏறும். இந்த ஸ்கிம்மர் காத்தை இழுத்துத் தண்ணியில கரைச்சுடுது, பாசி தின்னுடுது. அவ்ளோதான்.”

“அப்ப யாருக்கும் கோபமே வராதா?”

“வரும். தனக்குள்ளயே வந்து தனக்குள்ளயே அணைஞ்சுடும். அடுத்தவங்களுக்குப் பத்திக்காது. ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசல்ல வைக்கணும்னுதான் இதை உருவாக்கினேன். அங்க டாக்டருங்களை அடிக்க வர்றாங்க. அப்பதான் உங்க பில்டர் கேட்டாங்க, கொடுத்தேன்.”

“எதுக்குன்னு கேக்கலையா?”

“குடியிருக்கறவங்க நிம்மதியா இருக்கணும்னாங்க. நிம்மதியாத்தானே இருக்கீங்க?”

“ரொம்ப நிம்மதி. கிணத்தை மூடப் போறாங்க, எல்லாரும் கை தூக்கப் போறோம்.”

நிலோஃபர், “பில்டர் அனுமதி இல்லாம அதை நான் கழட்ட முடியாது அங்கிள்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா விளக்கு ஸ்விட்ச் உங்க கையிலதானே இருக்கு? மீனை மட்டும் முதல்லயே எடுத்துடுங்க, பாவம்,” என்று வைத்துவிட்டாள்.

தணிகாசலம் வரவேற்பறை அலமாரிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கொத்துமல்லி நிறத்தில் பாசி அசைந்தது. அதற்குள் தன் கஜாவின் கோபம் முழுக்க இருக்கிறது என்று அவர் நம்பினார். விளக்கை அணைத்தால் அது திரும்பி வந்துவிடும். ஈரத்துண்டு, தக்காளி, வெந்நீர் வராத கொடைக்கானல் எல்லாம் சேர்ந்து வரும். இந்தச் சில மாதங்களைப்போல் ஒரு சுகம் இனி இந்த ஜன்மத்தில் கிடைக்காது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கீரையை ஆய்ந்துகொண்டு ‘மூடிக்கட்டும்’ என்று சொன்ன அந்த முகத்தை நினைத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒருமுறையும் பாசிவிளக்கை அணைக்காத அந்தக் கை ஸ்விட்சைத் தட்டியது.

ஞாயிறு காலை வாளியும் வலையுமாக வரவேற்பறைக்குப் போய் மீன்களைப் பிடித்து வந்து குளியலறையில் வைத்தார். கோமாளி மீன்கள் வாளிக்குள் வட்டமடித்தன. பல் துலக்க வந்த கஜலட்சுமி வாளியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

“தொட்டி கழுவணும்,” என்றார் தணிகாசலம், பொய் சொல்லிப் பழகாத அவசரத்தில்.

“ஓகோ,” என்றார் அவர். பிறகு, வரமாட்டேன் என்று சொல்லியிருந்த கூட்டத்துக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

வரவேற்பறையில் நாற்காலிகள் போட்டிருந்தன. சங்கத் தலைவர் ரங்கப்பிரசாத் வரவேற்புரை வாசிக்க, விக்ராந்த் பல்லைக் காட்டிக்கொண்டு திரையில் படம் காட்டினான். தணிகாசலம் மட்டும் அலமாரியின் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாசி எலும்பு நிறத்தில் வெளுத்திருந்தது. தண்ணீர் பச்சைப் பாலாகக் கலங்கிக்கொண்டு வந்தது. ஸ்கிம்மர் விக்கல் எடுத்தது; நுரை பொங்கிக் குழாய் வழியே தரையில் வழிந்தது. முதல் மழை விழுந்த மண்ணைப்போல, ஆனால் கொஞ்சம் உப்பாக, ஏதோ ஒன்று அறையில் பரவியது.

“சார்,” என்றார் இரண்டாம் மாடி ஜோசப் ராஜ், பக்கத்து வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து. “உங்க செருப்பு ஸ்டாண்டை எதுக்கு என் கதவு முன்னாடி வைக்கறீங்க?”

“உங்க பையன் ராத்திரி பூரா கிடார் அடிக்கறானே, அதைக் கேட்டமா?”

அவ்வளவுதான். மாதக்கணக்கில் பாசி தின்றதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. மாடிக் கொடியில் காயப்போட்ட போர்வை, வண்டி நிறுத்தக் கோடு, தீபாவளிக்குக் கொடுத்த பட்சணத்துக்குத் திருப்பிக் கொடுக்காத டப்பா என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நல்லது, அப்படியே விக்ராந்த்மேல் பாயுங்கள் என்று காத்திருந்த தணிகாசலத்துக்கே காது சூடாகியது. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் அவர் ரங்கப்பிரசாத்தின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்.

“பொங்கல் விழாவுல பரிசு கொடுக்கறப்ப மைக்குல என்னய்யா கூப்பிட்ட? ‘கஜலட்சுமி அம்மாவோட வீட்டுக்காரர்’னு கூப்பிட்டியா இல்லையா? எனக்குப் பேர் இருக்குய்யா! தணிகாசலம்!”

நடந்தது அத்தனையும் விபரீதம். கோபத்தைத் திறந்துவிட்டவர், அது எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கவில்லை. விக்ராந்த் கெட்டிக்காரன். எல்லாரும் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் கையை ஆட்டிக்கொண்டிருந்ததால் கைகள் மேலேதான் இருந்தன. “சம்மதிக்கிறவங்க கை தூக்கியிருக்கீங்க, ரொம்ப தேங்க்ஸ்!” என்று எண்ணவே தொடங்கிவிட்டான்.

காலரைப் பிடித்த கையோடு தணிகாசலம் மனைவியைத் தேடினார். அத்தனை அமளியிலும் கஜலட்சுமி ஒருவர்தான், கோயில் பிரசாதத்துக்குக் காத்திருப்பவர்போல் நிதானமாக உட்கார்ந்திருந்தார். பாசி மோசம் செய்துவிட்டதே, இவளுக்கு மட்டும் திருப்பித் தரவில்லையே என்று அவர் காலரை விட்டுவிட்டார்.

கஜலட்சுமி எழுந்தார். நாற்காலியின் மேல் ஏறி நின்றார். அதிகம் சத்தம் போடவில்லை. புகார்ப் பிரிவில் போனை எடுத்துப் பேசுகிற பழைய குரலில் சொன்னார்.

“ஒரு நிமிஷம். செருப்பு ஸ்டாண்டை அப்புறம் பாத்துக்கலாம். இந்தத் தம்பி நம்ம கிணத்தை மூடப் போறார். நாளைக்குக் குளிக்கத் தண்ணிக்கு என்ன வழின்னு அவரைக் கேளுங்க.”

அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

விக்ராந்தும் அதே காற்றைத்தானே சுவாசித்துக்கொண்டிருந்தான்? பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றும் அவன் வாயில் வரவில்லை. முகம் சிவந்து, “ஆமாய்யா, மூடத்தான் போறோம்! லாரியில வாங்கிக் குளிங்க, எனக்கென்ன?” என்று கத்தினான். பிறகு அவன் காருக்கு ஓடிய வேகத்தில் ஒரு கால் ஷூ வரவேற்பறையிலேயே தங்கிவிட்டது. அதைச் சங்கத்தில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கிணறும் பத்திரமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தணிகாசலம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஸ்கிம்மர், மூக்கு, நாய்கள், ஸ்விட்ச் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, “பாசி எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துடுச்சு கஜா, உனக்கு மட்டும் ஏன் கோபம் வரலை?” என்று கவலையோடு கேட்டார்.

கஜலட்சுமி சிரித்தே விட்டார். “மூக்கு வழியாவா? எனக்குத்தான் மல்லிப்பூவும் மண்ணெண்ணெயும் ஒண்ணாயிருக்கே. உங்க பாசி என்னை ஒண்ணும் பண்ணலை.”

“அப்போ இத்தனை மாசமா பேசாம இருந்தது?”

சிரிப்பு நின்றது. “லிஃப்ட் நின்ன அன்னிக்கு நான் ஒருத்தி நின்னு கத்தறேன். எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பிப் பாத்தா, நீங்களும் சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க. சரி, போதும்னு தோணிடுச்சு.”

“அது நான் இல்லை கஜா, பாசி! அந்தத் தொட்டி இருந்ததனால...”

“இருக்கட்டும். பில்டர் ஆபீஸ் வாசல்ல நான் நாற்காலி போட்டு உக்காந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? அப்ப எந்தத் தொட்டி இருந்தது?”

கூடத்து மூலையில் அவருடைய சொந்தத் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. முதல்முறையாகத் தணிகாசலத்துக்கு அங்கே போய்க் குனிந்துகொள்ள முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. “இன்னிக்கு மட்டும் ஏன் வந்தே?” என்று கேட்டார்.

“வாளியில மீனைப் பாத்தேன். இருபத்தாறு வருஷத்துல நீங்க தண்ணியிலேர்ந்து தலையைத் தூக்கி ஏதோ செய்யப் போறீங்க. அதைப் பாக்காம இருப்பேனா?” என்று சொல்லிவிட்டு, கட்டில்மேல் கிடந்த ஈரத்துண்டைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார்.

அடுத்த வாரம் லிஃப்ட் மறுபடி நின்றது. வரவேற்பறைத் தொட்டியில் இப்போது சாதாரணக் கொளத்தூர்ப் பாசிதான். மீன் அழுக்கைத் தவிர வேறொன்றும் தின்னத் தெரியாதது. கஜலட்சுமி காபி டம்ளரோடு பால்கனியில் சாவகாசமாக உட்கார்ந்தார். எழுந்திருக்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. தணிகாசலம் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். வாசலில் லிஃப்ட் கம்பெனி ஆள் பைக்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி... வந்து... இது நல்லா இல்லை,” என்றார் தணிகாசலம். குரல் பாதியில் கீச்சிட்டது.

“என்னங்க!” என்று மேலிருந்து சத்தம் வந்தது. “இங்க ஒண்ணும் கேக்கலை. இன்னும் கொஞ்சம் உரக்க!”

அவர் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. ஜோசப் ராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கி வரும் சத்தம் கேட்டது.